‘தானாகச் செய்கிறான்’ என்று எழுதும் முன்: ஐ.இ.பி. மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் வட்டார வள மையங்களில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஐ.இ.பி., அதாவது தனிநபர் கல்வித் திட்டம், எழுதும் வேலை சூடு பிடித்துவிடும். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகிறவர்கள், ஆயத்த மையத்திலிருந்து முதன்முதலாகப் பள்ளி வாசல் மிதிப்பவர்கள் என்று எல்லாருக்கும் பழைய திட்டத்தை முடித்துவிட்டுப் புதியது போட வேண்டும். காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு என்று எந்த வட்டாரத்திலும் இதே நிலைதான். புதிதாக வேலைக்கு வந்த சிறப்புப் பயிற்றுநர்கள் எழுதும் தாள்களைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுவது தெரிகிறது. எங்களுக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை. இவர்களுக்காவது சொல்லிவைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பிறந்த தேதி தப்பு, யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் எண் விட்டுப்போனது, பெற்றோர் கையெழுத்து இல்லாதது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை மேற்பார்வையாளர் பார்த்தவுடன் திருப்பி அனுப்பிவிடுவார். தாளில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிந்து, ஜூன் மாதத்தில் பிள்ளையைத் தவிக்க விடும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

‘தானாகச் செய்கிறான்’ என்று டிக் அடிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்தாம் வகுப்புப் பையன், அறிவுசார் குறைபாடு உள்ளவன். அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறவர். விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி வேன் வந்து நிற்கும். பையனின் தாளில் கழிப்பறை, சாப்பாடு, பை எடுத்துவைப்பது எல்லாவற்றுக்கும் நேராக ‘தானாகச் செய்கிறான்’ என்று இருந்தது. அது பொய்யும் இல்லை. அந்தப் பள்ளியில் அவன் செய்துகொண்டுதான் இருந்தான்.

அங்கே போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருந்தால் வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டிருக்கும். இன்டர்வெல் பெல் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சத்துணவு ஆயா வகுப்பு வாசலில் வந்து நிற்பார். “வா நைனா, போய்ட்டு வந்துடு” என்பார். அவன் எழுந்து போவான். சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் உட்காரும் பெண் தன் தட்டைக் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தி வைப்பாள். அவளைப் பார்த்துப் பார்த்து அவன் சாப்பிடுவான். சாயங்காலம் டீச்சர் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். அவன் பையை எடுப்பான். இவற்றில் எதையுமே அங்கே யாரும் உதவி என்று நினைக்கவில்லை. பல வருடமாகப் பழகிப்போன காரியங்கள். அதனால் ஒன்றுகூடத் தாளில் ஏறவில்லை.

ஆறாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி. புதிய திட்டத்தில் ‘தினசரிச் செயல்களுக்கு உதவி தேவையில்லை’ என்று ஒரே வரி. பெரிய பள்ளி, நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில். பெல் அடித்தால் ஒரே கூட்டம். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. போதாததற்கு எலாஸ்டிக் வைத்த டிராயர் போய் ஹூக் வைத்த பேன்ட் வந்துவிட்டது. அந்த ஹூக்கைக் கழற்ற அவனுக்கு வராது. ஜூன் முடிவதற்குள் வகுப்பிலேயே நனைத்துக்கொண்டான். அம்மாவுக்குப் போன் போனது, அரை நாள் சம்பளம் போயிற்று. மறுபடியும் போன். “தானாகப் போவான்னு தாள்ல போட்டிருக்கு. இவன் வேணும்னே செய்யறான்” என்று வகுப்பாசிரியர் சொன்னார். நாம் எழுதிய ஒரு வரியே அந்தப் பிள்ளை மீது குற்றச்சாட்டாகத் திரும்பியது. ஆடி பிறப்பதற்குள் பையன் வீட்டோடு நின்றுவிட்டான்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கும் ஓர் இடத்தில் கைவந்த காரியம் இன்னோர் இடத்தில் தானாக வந்துவிடாது. இது பி.எட். படிப்பிலேயே வருகிற பாடம். தெரிந்தும் ஏன் இப்படி எழுதுகிறோம்? முதல் காரணம், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டீச்சரிடம் கேட்டு எழுதுவது. “கழிப்பறைக்குப் போறானா?” “போறான்.” டிக். இரண்டாவது, கூட்டங்களில் எத்தனை இலக்கு எட்டப்பட்டது என்று கேட்கிறார்கள். ‘உதவியோடு’ என்று எழுதினால் நாம் வேலை செய்யாதது போல ஆகிவிடுமோ என்ற பயம். பயம் புரிகிறது. அதற்கு விலை கொடுப்பது பிள்ளை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

பிள்ளையின் திறனை மதிப்பிடும் கருவிகளையும் குறை சொல்ல முடியாது. சென்னையில் உருவாகி நாம் எல்லாரும் பழகிய எம்.டி.பி.எஸ். பட்டியலில் 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 செயல்கள். அதில் செய்கிறான், செய்யவில்லை என்று இரண்டே குறிதான். எனவே அதை மட்டும் நம்பினால் இடையில் இருக்கும் உதவி காணாமல் போகும். அறிவுசார் குறைபாட்டுக்கென்று செகந்திராபாத்தில் இருக்கும் தேசிய நிறுவனம் தந்த எஃப்.ஏ.சி.பி. பட்டியலில் இதற்கென்றே இடம் இருக்கிறது. தானாகச் செய்கிறானா, சிறு குறிப்புக் காட்டினால் செய்கிறானா, சொன்னால் செய்கிறானா, கையைப் பிடித்துச் செய்யவைக்க வேண்டுமா என்று தனித்தனியாகக் குறிக்கலாம். பள்ளி மாறும் பிள்ளைக்கு இந்த இரண்டாவது பட்டியல் இல்லாமல் புதிய திட்டம் எழுதாதீர்கள்.

எழுதும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆயாவிடம், “இன்னைக்கு மட்டும் நீங்க கூப்பிடாதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பையன் எழுந்து போனால் தாராளமாக டிக் அடிக்கலாம். எழவில்லையென்றால் அவன் சங்கடப்படுவதற்குள் நீங்களே போய் அழைத்துவிடுங்கள். பிறகு தாளில் இப்படி எழுதுங்கள்:

‘கழிப்பறை: முதல் இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒருவர் அருகில் வந்து பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பெல் சத்தம் மட்டும் கேட்டு எழ மாட்டான். கூட்டம் வருவதற்கு முன் போய்த் திரும்ப வேண்டும். பேன்ட்டில் ஹூக்குக்குப் பதில் எலாஸ்டிக். அழைக்க வேண்டியவர்:’

அந்தக் கடைசி இடம் காலியாக இருந்தால் திட்டம் முடியவில்லை என்று அர்த்தம். ‘பள்ளி பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதாதீர்கள். புதிய பள்ளிக்கு ஏப்ரலிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், எச்.எம்.மிடம் பேசி, யார் அழைப்பார் என்று கேட்டு, அவரிடம் பிள்ளையைக் காட்டி, பெயரை எழுதுங்கள். அப்படியே கழிப்பறைக்கும் ஒரு தடவை நடந்து போய் வாருங்கள். ஜூன் வரட்டும் என்று தள்ளிப்போட முடியாது. கோடை விடுமுறையில் கலந்தாய்வு நடந்து பழைய டீச்சர் வேறு ஊருக்குப் போய்விட்டால், மேசையைத் தட்டிய விவரம் அவரோடு போய்விடும். ஆயா அதே ஊரில்தான் இருப்பார், அவரிடமும் கேளுங்கள். ஐ.இ.பி. கூட்டத்துக்கு ஆயாவை அழைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அழைக்க வேண்டும்.

புதிய பள்ளியில் காலாண்டுத் தேர்வு வரை எந்த உதவியையும் குறைக்காதீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக: பெயர் சொல்லி அழைத்தவர் வாசலில் நின்று கை மட்டும் காட்டட்டும், அது பழகிய பிறகு பெல்லோடு சேர்த்துக் காட்டட்டும், பிறகு பெல் மட்டும். எந்த வாரத்தில் எதைக் குறைத்தோம் என்று தேதியோடு குறித்தால், கூட்டத்தில் காட்டுவதற்கு உங்களுக்கு உண்மையான முன்னேற்றமே கையில் இருக்கும்.

நாலு வருடமாக அதே ‘ஒன்று முதல் பத்து வரை’

பழைய இலக்கையே புதிய தாளில் மறுபடி எழுதினால், அது இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் இலக்கை மாற்றுங்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு மணிச்சட்டத்தை விடப் பாகாயம் பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் எண் உபயோகமானது.

காலிப்பர், காது மெஷின்

காலைத் தாங்கும் காலிப்பரும் காது மெஷினும் பிள்ளைக்கு இன்னும் பொருந்துகிறதா என்று விடுமுறை முடிவதற்குள் அளவு பார்த்துவிடுங்கள்.

வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காதது

பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் உருது பேசும் வீடுகள் உண்டு, தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. உருதில் சொன்னால் உடனே திரும்பிப் பார்க்கும் பெண் குழந்தைக்கு, ‘வாய்மொழிக் கட்டளையைப் பின்பற்றுவதில்லை’ என்று எழுதியிருந்த தாளைப் பார்த்திருக்கிறேன். பாட்டியிடம் அரை மணி நேரம் பேசியிருந்தால் போதும். எந்தச் சொல்லுக்கு உட்காரும், எந்தச் சொல்லுக்குப் பயப்படும் என்று பாட்டிகள் அட்சரம் பிசகாமல் சொல்வார்கள். அதை அப்படியே எழுதி, புதிய வகுப்பாசிரியரை இரண்டு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாற்பது சதவீதம் இல்லை என்று ஒதுக்குவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாட்டைத் தனியாக வரையறுக்கிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தரும் 31ஆம் பிரிவு அந்த வரையறையில் வரும் பிள்ளைகளுக்கானது. ஆனால் உள்ளடக்கிய கல்வி பற்றிய 16ஆம் பிரிவு எந்தச் சதவீதமும் கேட்கவில்லை. பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியும் தனிப்பட்ட ஆதரவும் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. எழுத்துக்களைத் தலைகீழாக எழுதும் பிள்ளைக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகத் திட்டத்தைக் கிடப்பில் போடாதீர்கள். முன் பெஞ்சும், பெரிய எழுத்தும், வாய்மொழித் தேர்வும் தர யாருடைய முத்திரையும் வேண்டாம்.

பத்தாம் வகுப்பில் போய் விழித்துக்கொள்வது

பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். சான்றிதழ் தற்காலிகமா, எந்தத் தேதியோடு முடிகிறது என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்குத் திட்டம் மாற்றும்போதே பாருங்கள். சான்றிதழைப் புதுப்பிக்க அடுக்கம்பாறை மருத்துவமனைக்குப் பெற்றோர் ஒரே தடவை போய்த் திரும்பி வருவது போலத் தேவையான காகிதங்களை முன்கூட்டியே எடுத்துக் கையில் கொடுங்கள். கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. வாழ்க்கையில் ஒரு தடவைகூட வாய்விட்டு விடை சொல்லிப் பழகாத பிள்ளைக்கு, தேர்வு மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் அது வாயே திறக்காது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலிருந்தே ஒவ்வொரு தேர்விலும் வெவ்வேறு ஆளை வைத்துப் பழக்குங்கள். ‘அடுத்த கேள்விக்குப் போகலாம்’, ‘நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க’ என்ற இரண்டையும் பிள்ளை தானே கேட்க வேண்டும். இதை ஒரு தனி இலக்காகவே திட்டத்தில் எழுதலாம்.

மாவட்ட எல்லை

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காட்டிலிருந்து சத்துவாச்சாரிக்குக் குடிவந்தாலும், ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்கு வந்தாலும் இப்போது வேறு மாவட்டம். மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் கணினிப் பதிவு பிள்ளையோடு வந்துவிடும். நம் பீரோவில் இருக்கும் ஐ.இ.பி. வராது. பிசியோதெரபிக்கு எந்தக் கிழமை வந்துகொண்டிருந்தது என்ற விவரமும் வராது. தாளின் நகலைப் பெற்றோர் கையில் கொடுத்து, புதிய வட்டாரத்தின் சிறப்புப் பயிற்றுநருக்குப் போன் செய்து பேசுங்கள்.

வீட்டுவழிக் கல்வியை நாமே முடிவு செய்வது

புதிய பள்ளியில் பிள்ளை தடுமாறினால் உடனே ‘வீட்டுவழிக் கல்விக்கு மாற்றலாம்’ என்று ஒரு குரல் வரும். ஒடுகத்தூர்ப் பையனுக்கும் அதுதான் நடந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளை வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. அது பிள்ளைக்குத் தரப்பட்ட உரிமை. பள்ளிக்குச் சிரமம் என்பதற்காக நாம் எடுத்துப் பயன்படுத்தும் வசதியாக அதை ஆக்கக் கூடாது. வேலைக்குப் போகும் அம்மாவிடம் போனில் பேசி ‘சரிங்க’ என்று வாங்கிவிட்டு அதைச் சம்மதம் என்று எழுதாதீர்கள். அவருக்கு விடுமுறை உள்ள ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், பள்ளியில் எந்த உதவி தரப்படவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அந்த உதவியைக் கொடுத்து இன்னொரு தடவை முயன்று பார்க்கலாமா என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் வீடுதான் நல்லது என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். மறுபடி எந்த மாதம் பரிசீலிப்போம் என்பதையும் அதே வரியில் எழுதி, அந்த மாதம் போய்ப் பாருங்கள்.