பேஸ்பாலில் அம்பயரின் முடிவை எந்திரம் திருத்தும்போது கவனிக்க வேண்டியவை

பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து குறிப்பிட்ட எல்லைக்குள் வந்தால் ‘ஸ்டிரைக்’, வெளியே போனால் ‘பால்’; மூன்று ஸ்டிரைக்குக்கு பேட்டர் அவுட், நான்கு பாலுக்கு அவருக்கு முதல் பேஸ். இந்தத் தீர்ப்புகளை அம்பயரிடமிருந்து எடுத்து எந்திரத்திடம் கொடுத்துவிடலாமா என்பது அமெரிக்க பேஸ்பாலில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வாதம். 2026 பருவத்திற்காக அங்குள்ள முதன்மைத் தொடரான மேஜர் லீக் ஏற்றுக்கொண்ட விதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஒவ்வொரு பந்துக்கும் மனிதரே தீர்ப்புச் சொல்வார், வீரர் முறையிட்டால் மட்டும் கேமராக்களின் அளவீடு அதைத் திருத்தும். இதுவே சரியான ஏற்பாடு என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் சில நுட்பங்களைத் தெரிந்துகொண்டு ஆட்டத்தைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

முதலில் ஸ்டிரைக் எல்லையை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அதன் அகலம், பேட்டரின் அருகே தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் என்ற பலகையின் அகலமான 17 அங்குலம். மேல்கோடு பேட்டரின் உயரத்தில் 53.5 விழுக்காட்டிலும், கீழ்க்கோடு 27 விழுக்காட்டிலும் அமைகின்றன. 6 அடி 7 அங்குல உயரமுள்ள பேட்டர் ஏரன் ஜட்ஜுக்கு மேல்கோடு தரையிலிருந்து ஏறத்தாழ 42 அங்குலத்தில் இருக்கும். 5 அடி 6 அங்குல உயரமுள்ள ஹோசே அல்டுவேவுக்கு அது 35 அங்குலத்தைச் சற்றே தாண்டும். பேட்டர் எவ்வளவு குனிந்து நின்றாலும் இந்த எல்லை சுருங்காது. விதிப்புத்தகம் எல்லையை பிளேட்டின் மேல் எழும் முப்பரிமாண வெளியாக வரையறுக்க, எந்திரமோ பிளேட்டின் நடுவில் செங்குத்தாக நிற்கும் ஒரு செவ்வகத்தைப் பந்து கடக்கும் இடத்தை மட்டுமே அளக்கிறது. ஆகவே, பிளேட்டின் முன்விளிம்புக்கு மேலே எல்லையைத் தொட்டுவிட்டுச் சரியும் வளைபந்து, விதிப்புத்தகத்தின்படி ஸ்டிரைக்காக இருந்தும் எந்திரத்திடம் பாலாகலாம். தொலைக்காட்சிக் கேமரா பெரும்பாலும் சற்றுப் பக்கவாட்டிலிருந்தே படம்பிடிப்பதால், உங்கள் கண் சொல்வதை உடனே நம்பிவிட வேண்டாம்.

கிரிக்கெட்டின் டிஆர்எஸ் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எல்பிடபிள்யூவில் காலில் பட்ட பந்து அதன்பின் எங்கே சென்றிருக்கும் என்று கணிக்க வேண்டியிருப்பதால், அங்கே ‘அம்பயர்ஸ் கால்’ தேவைப்படுகிறது. பேஸ்பாலில் பந்து உண்மையாகவே பிளேட்டைக் கடந்து செல்கிறது. இரண்டு விளையாட்டுகளிலும் ஹாக்-ஐ கேமராக்கள் இருந்தாலும், இங்கே கணிப்புக்கு வேலையில்லை. பந்தின் ஓரம் மயிரிழை அளவுக்குக் கோட்டைத் தொட்டாலும் அது ஸ்டிரைக்தான்.

அடுத்து, யார் முறையிடுகிறார், எந்தத் தருணத்தில் முறையிடுகிறார் என்பதைப் பாருங்கள். ஓர் அணிக்கு இரண்டு முறையீடுகள் உண்டு. வென்றால் முறையீடு கையிலேயே இருக்கும், தோற்றால் போய்விடும். பேட்டர், பந்தை வீசும் பிட்சர், பிளேட்டுக்குப் பின்னால் அதைப் பிடிக்கும் கேட்சர் ஆகிய மூவரில் ஒருவர் மட்டுமே, டக்அவுட்டில் அமர்ந்திருக்கும் அணியினரின் உதவியின்றி, தீர்ப்பு வந்தவுடன் தலைக்கவசத்தையோ தொப்பியையோ தட்டி முறையிட வேண்டும். 2025 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் கேட்சர்களின் முறையீடுகளில் 56 விழுக்காடும், பேட்டர்களுடையவற்றில் 50 விழுக்காடும், பிட்சர்களுடையவற்றில் 41 விழுக்காடும் வென்றன. பந்து பிளேட்டைக் கடப்பதைக் கேட்சர் நேர் பின்னாலிருந்து பார்க்கிறார். பிட்சரோ வீசிய வேகத்தில் நிலைகுலைந்து, தொலைவிலிருந்து பார்க்கிறார். முதல் இன்னிங்ஸில், முதல் பந்துக்கே ஒரு பிட்சர் தொப்பியைத் தட்டினால், அது பெரும்பாலும் கோபத்தின் செயல் என்றே கொள்ளலாம். மூன்று பால், இரண்டு ஸ்டிரைக் என்ற நிலையில், ஓட்டக்காரர்கள் ஓடிச் சேரும் தளங்களான மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்கும்போது வரும் விளிம்புப் பந்து வேறு வகை: ஸ்டிரைக் என்றால் பேட்டர் அவுட், பால் என்றால் எல்லாரும் ஒரு பேஸ் முன்னேற, பேட்டிங் அணிக்கு ஒரு ரன். அந்தப் பந்துக்காக முறையீட்டைச் சேமித்து வைத்திருக்கிற அணியே விதியைப் புரிந்துகொண்ட அணி. ஒரு பால், ஒரு ஸ்டிரைக் என்ற நிலையையும் அலட்சியம் செய்யாதீர்கள். அடுத்த தீர்ப்பு பேட்டருக்கும் பிட்சருக்கும் இடையிலான மேலாதிக்கத்தையே மாற்றிவிடுகிறது.

பேஸ்களில் நடப்பவற்றுக்கு இந்த எந்திரம் தீர்ப்புச் சொல்வதில்லை. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் பிட்சர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட்டாக்கியிருந்தார். 27ஆவது பேட்டரை முதல் பேஸில் ‘சேஃப்’ (அவுட் இல்லை) என்று அம்பயர் ஜிம் ஜாய்ஸ் தவறாக அறிவித்ததால், எதிரணியின் ஒருவரைக்கூட பேஸ் ஏறவிடாமல் 27 பேரையும் அவுட்டாக்கும் ‘முழுமையான ஆட்டம்’ என்ற அரிய சாதனை கலராகாவின் கைநழுவியது. ஜாய்ஸ் பின்னர் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அத்தகைய பிழைகளைத் திருத்தும் வீடியோ மறுபரிசீலனை 2014இல் விரிவாக்கப்பட்டது. அதற்காக பேஸ் அம்பயர்களை யாரும் நீக்கவில்லை என்பதை வாதத்தின்போது நினைவில் கொள்ளுங்கள்.

முழு எந்திர முறையோடு ஒப்பிட விரும்பினால், 2024 முதல் எல்லாப் பந்துகளையும் எந்திரத்திடம் ஒப்படைத்துள்ள தென்கொரியாவின் கேபிஓ லீக் ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். கேட்சரின் கையுறைமீதே கண் வையுங்கள். விளிம்புக்கு வெளியே வந்த பந்தை மென்மையாக உள்ளே இழுத்துப் பிடித்து அம்பயரை இணங்கவைக்கும் கலைக்கு அங்கே பயனில்லை. அமெரிக்காவில் அந்தக் கலை நீடிக்கிறது. ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கும் பேட்டர் தலைக்கவசத்தைத் தட்டினால், சில நொடிகளில் மைதானத் திரையில் உண்மை தெரிந்துவிடும் என்பதால், எந்தப் பந்தை இழுத்துக் காட்டலாம் என்று கேட்சர் இனி தேர்ந்தெடுத்தாக வேண்டும்.