மலைநாட்டு வீட்டில் கறை எடுப்பது எப்படி? கார்ப்பெட்டுக்கும் துணிக்கும் படிப்படியாக

கறை போக்கும் குறிப்புகள் பெரும்பாலும் வெயில் ஊர்களுக்கு எழுதப்பட்டவை. "நன்றாகக் கழுவி வெயிலில் போடுங்கள்" என்று முடித்துவிடுவார்கள். நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ ஆடி மாதத்தில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். இந்தக் குளிரில் கறையைக் கரைப்பது பாதி வேலை, நனைந்ததை உலர்த்துவது மீதிப் பாதி. கழுவியபோது போன கறை மறுநாள் காலை அதே இடத்தில் திரும்பி வந்து நிற்கிறதா? கார்ப்பெட்டிலிருந்து ஈரவாடை அடிக்கிறதா? இரண்டுக்கும் காரணம், தண்ணீர் கூடிப்போனதும் அது உலர நாளெடுத்ததும்தான். அதனால் கீழே வரும் எல்லா முறையிலும் தண்ணீரை அளந்துதான் பாவிக்கிறோம்.

கையில் இருக்க வேண்டியவை

சாயம் போகாத வெள்ளைத் துணி நிறைய வேண்டும். பழைய வேட்டித் துண்டும் பழைய துவாயும் போதும். நிறத் துணியால் துடைத்தால் அதன் சாயமே புதுக் கறையாகிவிடும். பாத்திரம் கழுவும் திரவம், நிறமில்லாத வினாகிரி, தேசிக்காய், உப்பு, ஆப்பச்சோடா ஆகியவை சமையலறையில் இருக்கும். பாமசியில் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரொக்சைட் போத்தலில் 6% என்றோ 20 வொலியூம் என்றோ இருந்தால் அதே அளவு தண்ணீர் சேர்த்து 3% ஆக்கித்தான் பாவிக்க வேண்டும். கலந்ததை மிச்சம் வைக்காதீர்கள், வீரியம் போய்விடும்.

முதலில் இரண்டு சோதனை

கார்ப்பெட்டோ போர்வையோ கம்பளியா செயற்கை இழையா என்று தெரிய வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு இழையைப் பிடுங்கி, சிறு இடுக்கியால் பிடித்து, வாளித் தண்ணீருக்கு மேலே நெருப்பில் காட்டுங்கள். தலைமுடி கருகும் வாடை வந்து, நசுக்கினால் பொடியானால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் நைலோன், பொலியெஸ்டர் வகை. கம்பளிக்கும் பட்டுக்கும் சலவைச் சோடாவோ குளோரின் பிளீச்சோ ஆகவே ஆகாது. பிளீச் அந்த இழையையே அரித்துவிடும்.

இரண்டாவது சோதனை நிறத்துக்கு. பாவிக்கப்போகும் கரைசலில் சில துளியை, தளபாடத்துக்கு அடியில் மறையும் மூலையில் விட்டு, 10 நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தக் கரைசல் உங்களுடைய கார்ப்பெட்டுக்கு இல்லை.

கார்ப்பெட்டில் கொட்டிய தேத்தண்ணி

நம் வீடுகளில் மிகுதியாக விழும் கறை இதுதான். இதைச் சரியாக எடுக்கப் பழகினால் மற்றவை தானாகக் கைவரும்.

தேயிலையின் நிறம் அமிலத்தில் வெளுக்கும், காரத்தில் கறுக்கும். ஒரு கிளாஸ் வெறும் தேத்தண்ணியில் தேசிக்காய்ச் சாறு நாலு சொட்டு விடுங்கள், செந்நிறம் மஞ்சளாக இறங்கும். வேறொரு கிளாஸில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போடுங்கள், கறுத்துப்போகும். கறை பட்டதும் சவர்க்காரக் கட்டியைத் தேய்ப்பவர்கள் செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான்: சவர்க்காரம் காரம், கறை இன்னும் அடர்ந்து இழையில் ஏறும்.

1. வெள்ளைத் துணியை நான்காக மடித்துக் கறையின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நனைந்த பக்கத்தை மாற்றி மாற்றி, துணியில் ஈரம் ஏறுவது நிற்கும் வரை ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கறை விரிவதோடு இழையின் முறுக்கும் அவிழ்ந்து பஞ்சு போல நிற்கும். அது பிறகு சரிவராது.

2. ஒரு மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரைக் கறையின் மேல் தெளித்து மறுபடி ஒற்றுங்கள். வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும். இதை மூன்று நான்கு தடவை செய்தால் பெரும்பகுதி வந்துவிடும்.

3. பால் தேத்தண்ணி என்றால், ஒரு கப் (250 மி.லீ.) வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி பாத்திரத் திரவம் கலந்து, துணியை அதில் தோய்த்துப் பிழிந்து அழுத்துங்கள். கைக்குச் சுடும் தண்ணீர் வேண்டாம். பாலின் புரதம் உறைந்து இழையைப் பிடித்துக்கொள்ளும். வெறும் தேத்தண்ணிக்கு இந்தப் படி தேவையில்லை.

4. வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து, கறை ஈரமாகும் அளவு மட்டும் தெளித்து 10 நிமிடம் விட்டு ஒற்றுங்கள்.

5. வெறும் தண்ணீர் தெளித்து இரண்டு தடவை ஒற்றி, சவர்க்காரத்தையும் வினாகிரியையும் வெளியே எடுங்கள். விரலால் தொட்டால் வழுக்கக் கூடாது. மிச்சமிருக்கும் சவர்க்காரம் அழுக்கை இழுக்கும். ஒரு மாதத்தில் அந்த இடம் மட்டும் வட்டமாகக் கறுக்கும்.

6. இன்னும் மஞ்சள் நிழல் தெரிந்தால், வெளிர்நிறச் செயற்கை இழைக் கார்ப்பெட்டில் மட்டும் 3% பெரொக்சைட் ஒரு தேக்கரண்டி விட்டு 30 நிமிடம் கழித்து ஒற்றுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு தடவை.

7. இதுதான் பலரும் விடும் படி. காய்ந்த வெள்ளைத் துணிகளை இரண்டு விரற்கடைத் தடிப்புக்கு அடுக்கி அந்த இடத்தில் வையுங்கள். மேலே ஒரு பொலித்தீன், அதன் மேல் 5 கிலோ அரிசிப் பை. இரவு முழுதும் இருக்கட்டும். கார்ப்பெட் உலரும்போது அடியில் தங்கிய ஈரம் இழை வழியே மேலே ஏறி நுனியில் ஆவியாகும். கூட வந்த சாயம் நுனியிலேயே தங்கிவிடும். குளிரில் இது மெதுவாக நடப்பதால் கூடுதலாக ஏறுகிறது. பாரம் வைத்தால் ஈரம் துணிக்குள் ஏறும், சாயமும் அங்கேயே போகும். காலையில் துணியைத் தூக்கிப் பாருங்கள், மேலே ஒன்றும் தெரியாத இடத்திலிருந்து பழுப்பு வட்டம் ஏறியிருக்கும்.

8. பிறகு கார்ப்பெட்டின் ஓரத்தை ஒரு செங்கல் வைத்து உயர்த்தி, மின்விசிறியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது ஜன்னலைத் திறந்து பயனில்லை. வெளிச்சம் வந்து மூட்டம் கலைந்த பிறகு திறங்கள்.

பழைய பங்களாக்களில் இருக்கும் கார்ப்பெட்டுகளின் அடிப்பாகம் பெரும்பாலும் சணல். அது நன்றாக நனைந்தால் சணலின் பழுப்பு நிறமே மேலே ஏறும். தேத்தண்ணி போன பிறகும் பழுப்பு வளையம் வருகிறதென்றால் இதுதான் காரணம். மறுபடி கழுவினால் வளையம் பெரிதாகும். 4ஆம் படியின் வினாகிரிக் கரைசலை லேசாகத் தெளித்து, 7ஆம் படிக்குப் போங்கள்.

கொழுந்துக் கறை

கொழுந்து பறித்த சட்டையிலும் சேலையிலும் படியும் பச்சைச் சாறு முதல் நாளே கழுவினால் போகிறது. இரண்டாம் நாள் கபில நிறமாகி நின்றுவிடுகிறது. தொழிற்சாலையில் கொழுந்து நசுங்கிக் காற்றுப் பட்டுச் செம்பு நிறமாவது எப்படியோ, துணியிலும் அதேதான் நடக்கிறது. ஆகவே வேலை முடிந்து வந்த மாலையே பீலித் தண்ணீரில் அலசி, தேசிக்காயைப் பாதியாக வெட்டி உப்பில் தொட்டுக் கறையில் அழுத்தி, 20 நிமிடம் கழித்து அலசுங்கள். சவர்க்காரம் அதற்குப் பிறகுதான்.

துருப்பிடித்த வாளியில் இந்தத் துணியை ஊறவிடாதீர்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் மை போன்ற கருநிறம் உண்டாகும். அப்படி ஏற்கனவே கறுத்திருந்தால் பிளீச் போட்டு மாற்ற முடியாது. தேசிக்காய்ச் சாற்றில் மீண்டும் மீண்டும் ஊறவைத்து அலசினால் படிப்படியாக இளகும்.

தேங்காய் எண்ணெயும் மஞ்சளும்

தேங்காய் எண்ணெய் 24 பாகையை ஒட்டிக் கட்டியாகும். நம் ஊரில் அது போத்தலிலேயே உறைந்து நிற்கிறது; துணியில் மட்டும் கரையுமா? பச்சைத் தண்ணீரில் எத்தனை தடவை துவைத்தாலும் எண்ணெய் மெழுகாக இழைக்குள்ளேயே இருக்கும், உலர்ந்ததும் கருநிழலாகத் தெரியும். எண்ணெய்க் கறைக்குச் சுமார் 40 பாகைத் தண்ணீர் வேண்டும்: கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, பீலித் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும்.

இறைச்சிக் கறி கொட்டினால் முதலில் கரண்டியால் வழித்தெடுங்கள். துணி என்றால், நனைக்காமலே பாத்திரத் திரவத்தைச் சொட்டு சொட்டாக விட்டு விரல் நுனியால் பரப்பி 15 நிமிடம் விடுங்கள், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். எண்ணெய் போய் மஞ்சள் நிற்கும். சலவைத்தூள் பட்டதும் அது சிவந்தால் பயப்பட வேண்டாம். மஞ்சள் காரத்தில் சிவக்கும், அலசினால் பழைய நிறத்துக்கு வரும். மஞ்சள் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கீழே வேறொரு வெள்ளைத் துணி வைத்து ஒற்றுங்கள். மிச்சத்தை வெளிச்சம் எடுத்துவிடும். மேகமூட்டமான நாளிலும் வெளிச்சம் வேலை செய்யும், மெதுவாக. வீட்டு வாசலில் கறைப்பக்கம் வெளியே தெரிய மூன்று நான்கு நாள் தொங்கவிடுங்கள்.

கார்ப்பெட்டில் திரவத்தை நேராக விடாதீர்கள், நுரையை எடுக்க முடியாமல் திண்டாடுவீர்கள். எண்ணெயின் மேல் ஆப்பச்சோடாவைத் தடிப்பாகத் தூவி ஒரு மணி நேரம் கழித்துப் பெருக்கி எடுத்து, பிறகு 3ஆம் படியின் கரைசலை வெதுவெதுப்பாகப் பாவியுங்கள். ஸ்பிரிட்டையும் துணியில் தொட்டுத்தான் ஒற்ற வேண்டும், ஊற்றினால் கார்ப்பெட்டின் அடிப்பசை இளகும். விறகு அடுப்போ குத்துவிளக்கோ எரியும் அறையில் ஸ்பிரிட் போத்தலைத் திறக்கவே வேண்டாம்.

அட்டை கடித்த இரத்தம்

அட்டை இரத்தத்தை உறையவிடாத பொருளைக் கடிவாயில் விடுவதால் சொக்ஸ் முழுதும் நனைந்துவிடும். இதற்கு மட்டும் நம் குளிர்ந்த தண்ணீர் நல்ல மருந்து. அரை லீற்றர் பச்சைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து 30 நிமிடம் ஊறவைத்துக் கசக்கி அலசுங்கள். சூடு பட்டால் இரத்தம் உறைந்து நிரந்தரமாகும். காய்ந்துபோன பழைய கறைக்கு, வெள்ளைப் பருத்தியில் 3% பெரொக்சைட் விட்டால் நுரைத்துக் கிளம்பும்; நுரை அடங்கியதும் அலசி இன்னொரு தடவை விடுங்கள்.

செம்மண்

ஈரமாக இருக்கும்போது கை வைக்காதீர்கள். நன்றாகக் காயவிட்டு, தட்டி, பிரஷ்ஷால் உதிர்த்து, பிறகே துவையுங்கள். மண்ணின் சிவப்பு இரும்புத் துருவின் நிறம். பிளீச்சுக்கு அது அசையாது. நிழலாக மிஞ்சினால் தேசிக்காயும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் வைத்து அலசுங்கள்.

பூஞ்சணம்

ஈரச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் மடித்து வைத்த சேலையிலும், மூலையில் கிடக்கும் கார்ப்பெட்டிலும் கரும்புள்ளி விழும். வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள், தூள் பறந்து அடுத்த துணியில் அமரும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளியே எடுத்துப் போய், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகு வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து 30 நிமிடம் ஊறவைத்துத் துவையுங்கள். வெள்ளைப் பருத்தியில் எஞ்சும் புள்ளிக்கு 3% பெரொக்சைட். நிறத்துணியில் நாட்பட்ட கரும்புள்ளி முழுதாகப் போகாது. இழைக்குள் வேர்விட்ட நிறம் அது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, துணியைச் சூடாக அயன் செய்து ஆறவிட்டு அடுக்கினால் திரும்ப வருவது வெகுவாகக் குறையும்.

மற்றவை சுருக்கமாக: பேனா மைக்கு ஸ்பிரிட். கரண்ட் போன இரவில் சிந்திய மெழுகைக் கெட்டியானதும் சுரண்டி, மேலும் கீழும் வெற்றுத் தாள் வைத்து, மிதமான சூட்டில் அயன் அழுத்துங்கள், தாள் உறிஞ்சிவிடும். வெற்றிலைச் சிவப்புக்கு, அது சுண்ணாம்பால் வரும் நிறம் என்பதால், முதலில் தேசிக்காய் அல்லது வினாகிரி, பிறகே மற்றது.

ஒன்றை மறக்கவே கூடாது: பிளீச்சோடு வினாகிரியோ தேசிக்காயோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். குளிருக்காக ஜன்னல் மூடிய சிறு காம்பராவில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றைப் பாவித்தால், நன்றாக அலசி முடியும் வரை மற்றதைத் தொடாதீர்கள்.

இத்தனைக்கும் அசையாத கறையை லோண்டரியில் கொடுக்கும்போது, என்ன கறை, எத்தனை நாள் பழையது, நீங்கள் எதை எதைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கறைக்குப் பக்கத்தில் குத்தி அனுப்புங்கள். அவர்கள் பாவிக்கும் மருந்து உங்களுடைய பிளீச்சோடு சேரலாமா கூடாதா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.