இணையப் பக்கம் செய்யக் கொடுக்குமுன் அறிய வேண்டிய சொற்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் கோயில் திருவிழாவுக்கோ குடும்பக் கடைக்கோ இணையப் பக்கம் செய்யக் கொடுப்போர், வடிவமைப்பாளரிடம் "கொஞ்சம் இடம் விடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னர் வருந்துவதைக் கண்டிருக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல இரண்டு சொற்கள் உள்ளன. பக்கத்தில் எழுத்தையோ படத்தையோ தாங்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் எல்லைக்கோட்டுக்கு உள்ளே, எழுத்தைச் சுற்றி விடப்படுவது பேடிங். கோட்டுக்கு வெளியே, அடுத்த பெட்டியை விலக்கி நிறுத்துவது மார்ஜின். தோட்டத்து வீட்டில் சுவருக்கும் கட்டிலுக்கும் இடையிலுள்ள இடத்தைப் பேடிங் என்றும், சுவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்தினை மார்ஜின் என்றும் நினைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குக் கொடுக்கும் பின்னணி நிறம் பேடிங் வரை பரவும், மார்ஜினுக்குள் செல்லாது.

பக்கத்தின் தலைப்பகுதி ஹெடர், அடிப்பகுதி ஃபூட்டர். கைப்பேசித் திரைக்கேற்ப அமைப்பு மாறுவதை ரெஸ்பான்சிவ் என்பர். 2010இல் இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் அறிமுகப்படுத்திய சொல் இது.

தமிழில் எழுதுவோர் வரி உயரத்தையும், அதாவது ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரையுள்ள தூரத்தையும், தவறாமல் கேட்டுப் பெற வேண்டும். நம் எழுத்துகளில் 'கீ' மேலேயும் 'மூ' கீழேயும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழ் வரிகளை நெருக்கிவிடும், எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு வைத்தால் பெரியவர்களும் சிரமமின்றிப் படிப்பார்கள் என்பது என் கருத்து.