உங்கள் முறை: ஆட்ட அறிவிப்பை அமைப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே ஆடுபுலி ஆட்டச் செயலி செய்கிறேன். மாமா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். "உங்கள் முறை" என்று மட்டும் வந்தால் அவர் திறக்கமாட்டார். "சின்னம்மாவின் புலி மூன்றாவது ஆட்டை வெட்டிவிட்டது, இனி நீங்கள்" என்று வந்தால், சாப்பாட்டு நேரத்திலேயே காயை நகர்த்திவிடுவார். அதனால் யார், என்ன செய்தார் என்பதை அறிவிப்பிலேயே எழுதுங்கள்; தொட்டதும் அதே பலகை திறக்கட்டும்.

ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்கு அனுமதி கேட்டாக வேண்டும். செயலியைத் திறந்ததுமே கேட்காமல், முதல் காய் நகர்ந்த பிறகு கேளுங்கள். பலகை திரையில் இருந்தால் ஒலி வேண்டாம்.

அப்புறம் நேரம். மதுரையில் சின்னம்மா இரவு 9 மணிக்கு ஆடினால் இங்கே 11:30. மாமா விடியற்காலை 5 மணிக்கு எழவேண்டியவர். அவரவர் ஊர் நேரத்தைப் பார்த்து, இரவு அறிவிப்பைக் காலைக்குத் தள்ளிவையுங்கள்.