குவார் கம் பூசி, பெருங்குடலில் திறக்கும் மாத்திரை செய்வது எப்படி

மாத்திரை மெதுவாகக் கரைந்தாலே பெருங்குடல் வரை போய்விடும் என்ற நினைப்பில்தான் பலர் இந்த வேலையைத் தொடங்குகிறார்கள். ஆனால் பாதி மருந்து வழியிலேயே கசிந்துவிடும். நமக்கு வேண்டியது, வாயில் போட்டதிலிருந்து சுமார் 5 மணி நேரம் எதையும் வெளியே விடாமல் இருந்து, பெருங்குடல் பாக்டீரியா கை வைத்ததும் உடையும் ஒரு பூச்சு.

கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம் இதற்கு நன்றாகப் பொருந்தும். அதன் மேனோஸ், கேலக்டோஸ் சங்கிலியை நம் செரிமான நொதிகளால் வெட்ட முடியாது, ஆனால் பாக்டீராய்டிஸ் போன்ற குடல் பாக்டீரியாக்கள் வெட்டித் தின்றுவிடும். பெருங்குடலில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் பாக்டீரியா இருக்கிறது, இரைப்பையில் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

முதலில் உள் மாத்திரை. மெசலமின் (பெருங்குடல் அழற்சிக்கான மருந்து) போன்ற மருந்தோடு, மாத்திரையை நிரப்பிப் பிடித்துவைக்கும் மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸும், சீக்கிரம் உடைய வைக்கும் ஒரு பொருளும் சேர்த்து 6 மில்லிமீட்டரில், 80 மில்லிகிராம் அளவில் அடியுங்கள். பூச்சு திறந்த பிறகு உள்ளே இருப்பது உடையாமல் உட்கார்ந்திருந்தால் என்ன பயன்?

அடுத்தது பூச்சு. குவார் கம் தூள் சரியாக ஓடாது, டையில் (மாத்திரையை அழுத்தும் அச்சில்) சீராக விழாது, அதனால் 10 சதவீத ஸ்டார்ச் பசையில் பிசைந்து, சலித்து, உலர்த்தி, கிரானுல் (சிறு குருணை) ஆக்கிக்கொள்வது நல்லது. பசை ஊற்றும்போது அவசரப்படாதீர்கள், கொஞ்சம் கூடினாலும் தூள் முழுக்கக் களிபோலத் திரண்டு சல்லடையில் அப்பிக்கொள்ளும். பூச்சில் 80 சதவீதம் குவார் கம் என்று தொடங்கிப் பாருங்கள். 9 மில்லிமீட்டர் டையில் 300 மில்லிகிராமில் பாதியைப் போட்டு, உள் மாத்திரையை நட்டநடுவில் வைத்து, மீதியை மேலே கொட்டி அழுத்த வேண்டும். நடு என்றால் நடுதான்! ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் பூச்சு மெலிந்து, சிறுகுடலிலேயே திறந்துவிடும். சிலவற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது சோதனை. 37 டிகிரியில், இரைப்பைக்குப் பதிலாக 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம், அப்புறம் சிறுகுடலுக்குப் பதிலாக பிஹெச் 7.4 பாஸ்பேட் பஃபரில் (பிஹெச் மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) 3 மணி நேரம். அந்த 5 மணி நேரம் முடிந்ததும் ஒரு மாத்திரையை எடுத்து பிளேடால் வெட்டுங்கள். வெளியே வழுவழுவென்று கண்ணாடி மாதிரி ஜெல், நடுவில் உலர்ந்த வெள்ளை வட்டம் தெரிந்தால் பூச்சு தாங்கியிருக்கிறது. அந்த வட்டம் ஈரமாகிக் கரைய ஆரம்பித்திருந்தால் குவார் கம் அளவையோ பூச்சின் எடையையோ கூட்டுங்கள்.

பிறகுதான் முக்கியமான கட்டம். பிஹெச் 6.8 பஃபரில் 4 சதவீதம் எலியின் சீக்கப் பொருள் (பெருங்குடலின் தொடக்கப் பையில் இருக்கும், பாக்டீரியா நிறைந்த பொருள்) கலந்து, கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, காற்றில்லாத நிலையில் சோதிக்க வேண்டும். இதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி அவசியம். எலிகளுக்கு முன்கூட்டியே 7 நாள் குவார் கம் கரைசல் கொடுத்தால், அதை உடைக்கும் நொதிகள் அவற்றின் குடலில் பெருகும். இதே சோதனையைச் சீக்கப் பொருள் இல்லாமலும் கட்டாயம் ஓட்டுங்கள், இரண்டிலும் மருந்து ஒரே வேகத்தில் வந்தால் உங்கள் மாத்திரை பாக்டீரியாவுக்காகக் காத்திருக்கவில்லை, சும்மா தாமதமாகக் கரைகிறது, அவ்வளவுதான். பல அறிக்கைகளில் இந்த ஒப்பீட்டைக் காணாதபோது எனக்கு வருத்தமாக இருக்கும்.

குவார் கம் இயற்கைப் பொருள், லாட்டுக்கு லாட் பாகுத்தன்மை மாறும், ஈரம் இழுக்கும், கிருமியும் சேரும். புது லாட் வந்தால் பாகுத்தன்மையையும் ஈரப்பதத்தையும் கிருமி எண்ணிக்கையையும் பார்த்துவிட்டே அடியுங்கள்.

உள்ளே வைக்கும் மருந்து மெட்ரோனிடசோல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பூச்சை உடைக்க வேண்டிய பாக்டீரியாவையே அது கொல்லும், வேறு ஆன்டிபயாடிக் எடுப்பவர்களிடமும் இதே சிக்கல் வரலாம். அதனால் அந்த மருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் சீக்கப் பொருளிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.