கறுப்பின காலேஜ் ப்ளேயர்ஸ அந்த காலேஜ் எப்படி நடத்துதுன்னு நீங்களே செக் பண்றது எப்படி

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால், பாஸ்கெட்பால் பேச்சு வந்தாலே "அந்தப் பசங்கள மார்க் பாக்காம சேத்துக்கிட்டாங்க"ன்னு யாராவது ஆரம்பிச்சிடுவாங்க. சேத்தப்புறம் காலேஜ் அவங்கள என்ன பண்ணுச்சுன்னு மட்டும் யாரும் கேக்குறதில்ல. நாமளே பாத்துடலாம்.

மொதல்ல ரூல். ஆடுற தகுதிய முடிவு பண்றது என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்டுகள நடத்துற அமைப்பு), அட்மிஷன் குடுக்குறது காலேஜ், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. டிவிஷன் 1-ல, அதாவது மேல்மட்டப் பிரிவுல ஆடணும்னா ஹைஸ்கூல்ல 16 கோர் கோர்ஸ் (இங்கிலீஷ், கணக்கு மாதிரி முக்கியப் பாடங்கள்), அதுல 2.3 ஜிபிஏ (4-க்கு சராசரி கிரேடு), எந்த இனமா இருந்தாலும் இதேதான். எஸ்ஏடிங்கிற காலேஜ் நுழைவுத் தேர்வு மார்க் கேக்குறத 2023-ல எடுத்துட்டாங்க. 1986-ல வந்த ப்ரொபொசிஷன் 48-ங்கிற என்சிஏஏ ரூல் படி எஸ்ஏடில 700 வாங்கலன்னா முதல் வருஷம் ஆட முடியாது, அதுல அதிகமா அடிபட்டது கறுப்பின பசங்கதான். 1989-ல ஸ்காலர்ஷிப்பும் கிடையாதுன்னு ப்ரொபொசிஷன் 42 கொண்டு வந்தப்போ ஜார்ஜ்டவுன் கோச் ஜான் தாம்சன் அத எதிர்த்து மேட்ச் தொடங்குற நேரத்துல கோர்ட்ட விட்டே வெளிய நடந்துட்டார், அடுத்த வருஷமே ரூலைத் தளர்த்தினாங்க. அந்த மனுஷன் மேல எனக்கு அவ்ளோ மரியாதை.

அடுத்து டிகிரி கணக்கு, இங்கதான் பொறுமையா உக்காரணும். என்சிஏஏ சைட்ல காலேஜ்வாரியா கிராஜுவேஷன் ரிப்போர்ட் கிடைக்கும். ரெண்டு நம்பர் இருக்கும்: என்சிஏஏ போடுற ஜிஎஸ்ஆர், அரசாங்கக் கணக்கான ஃபெடரல் ரேட். ஜிஎஸ்ஆர் பெரும்பாலும் பெருசா தெரியும், ஏன்னா படிப்பு நல்லா இருந்து பாதில கிளம்பிப் போனவங்கள கணக்குலருந்தே கழிச்சிடுவாங்க. ஃபெடரல் ரேட்ல அவங்களும் முடிக்காதவங்கதான். ஃபெடரல் ரேட்ட எடுத்து, இனவாரியா பிரிச்ச டேபிள்ல கறுப்பின ப்ளேயர்ஸ் வரியையும் மொத்த ஸ்டூடண்ட்ஸ் வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒரு பேட்ச்ல ஆளு கம்மிங்கிறதால நாலு பேட்ச் சராசரிதான் எடுக்கணும். ஆராய்ச்சியாளர் ஷான் ஹார்ப்பர் 2018-ல 65 காலேஜ வச்சு கணக்கெடுத்தார்: ஸ்டூடண்ட்ஸ்ல கறுப்பின ஆண்கள் 2.4 சதவீதம், ஃபுட்பால் டீம்ல 55. அந்த கறுப்பின ஆண் ப்ளேயர்ஸ்ல 6 வருஷத்துல டிகிரி முடிச்சவங்க 55.2 சதவீதம், மொத்த ப்ளேயர்ஸ்ல 69.3.

டிகிரி வந்தா மட்டும் போதாது, என்ன படிச்சாங்கன்னும் பாக்கணும். நார்த் கரோலினா யுனிவர்சிட்டில 18 வருஷமா கிளாஸே நடக்காத கோர்ஸ் ஓடுச்சு, ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தா கிரேடு, 3,100 பேருக்கு மேல எடுத்தாங்க, கிட்டத்தட்ட பாதி ப்ளேயர்ஸ். ஓக்லஹோமா ஸ்டேட்ல ஆடின டெக்ஸ்டர் மேன்லி, எழுதப் படிக்கத் தெரியாமலே காலேஜ்ல இருந்தேன்னு 1989-ல செனட் கமிட்டி முன்னாடி சொன்னார். அதனால டீம் ரோஸ்டர்ல (ப்ளேயர்ஸ் லிஸ்ட்) மேஜர், அதாவது டிகிரிக்கு எடுத்த முக்கியப் பாடம் போட்டிருந்தா பாருங்க, முக்கால்வாசிப் பேர் ஒரே மேஜர்ல இருந்தா, அவங்களே எடுத்ததா இல்ல ப்ராக்டிஸ் டைமுக்கு இடிக்காதுன்னு தள்ளி விட்டதான்னு பழைய ப்ளேயர்ஸ்கிட்ட கேளுங்க, கோச்கிட்ட கேக்காதீங்க.

உங்களுக்குத் தெரிஞ்ச பையன் கையெழுத்துப் போடப் போறான்னா ஸ்காலர்ஷிப் லெட்டர வாங்கிப் படிங்க. பல வருஷத்துக்குக் குடுக்கலாம்னு 2012-லருந்தே ரூல் இருக்கு, லெட்டர்ல ஒரு வருஷம்னு இருந்தா, முட்டி உடைஞ்சு ஆட முடியாமப் போனாலும் டிகிரி முடிக்கிற வரைக்கும் காசு வருமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.