வயர்மேன் உரிமம் பெறுவது எப்படி? சுங்கை சிப்புட் வட்டார இளையோருக்கான வழிகாட்டி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) டெஸ்ட் பென்னும் ஸ்க்ரூடிரைவரும் கையில் வைத்திருக்கும் எவரையும் வயர்மேன் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால், 1990ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டத்தின்படியும், அதன்கீழ் இயற்றப்பட்ட 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குவிதிகளின்படியும், மலேசிய எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழைப் பெற்றவர் மட்டுமே வயர்மேன் ஆவார். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடித்த கையோடு இத்தொழிலுக்கு வர விரும்புவோரும், தோட்ட வேலையிலிருந்து மாற நினைப்போரும் தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் வேறு, தகுதிச் சான்றிதழ் வேறு, குத்தகையாளர் (ஒப்பந்தக்காரர்) பதிவு வேறு. ஒன்று கையில் இருப்பதனால் மற்றொன்று தானாக வந்துவிடாது.

தீபகற்ப மலேசியாவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம் கிடையாது. பேராக்கில் இருந்துகொண்டு பெற்ற சான்றிதழ் ஜொகூரிலும் செல்லும். சரவாக் தனது சொந்த மின்சாரச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. சபாவில் 2024 ஜனவரி முதல் அம்மாநிலத்தின் எரிசக்தி ஆணையமே இப்பொறுப்பை ஏற்றுள்ளது. ஆகவே அங்கே வேலைக்குச் செல்ல எண்ணுவோர் அந்தந்த மாநில அதிகாரிகளிடம் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முதற்படி பயிற்சி. ஐ.எல்.பி. என்று நம்மவர்கள் சொல்லிப் பழகிய தொழிற்பயிற்சிக் கழகம் ஈப்போவில் இருப்பது நம் வட்டாரத்துக்கு வசதியானது. இத்தகைய கழகங்கள் வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்., திறன் மேம்பாட்டுத் துறையின் கீழ் வருவது. அது எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழன்று. எனவே பணம் கட்டுவதற்கு முன், அந்தக் கழகம் வயர்மேன் பயிற்சிக்காக எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதையும், அந்த அங்கீகாரம் நீங்கள் சேரவிருக்கும் அதே பயிற்சிக்கு உரியதா என்பதையும் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுவது நல்லது. விளம்பரத் தாளில் எரிசக்தி ஆணையத்தின் பெயர் அச்சாகியிருப்பதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம்.

வயர்மேன் தகுதியிலும் பிரிவுகள் உண்டு. பெரும்பாலான தாமான் வீடுகளுக்கு 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் இணைப்பே போதுமானது. பெரிய கடைகள், பட்டறைகள் போன்றவற்றுக்கு 400 வோல்ட் மூன்று ஃபேஸ் தேவைப்படுகிறது. ஒற்றை ஃபேஸ் தகுதி மட்டும் உள்ளவர் மூன்று ஃபேஸ் வேலைக்குப் பொறுப்பேற்க முடியாது. வயரிங் போடும் தகுதியும், அதைச் சோதித்துச் சான்றளிக்கும் தகுதியும்கூட ஒன்றல்ல. என் கருத்தில், வாய்ப்பிருப்பவர்கள் சோதனைத் தகுதியையும் சேர்த்தே பெற்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வேலையின் முடிவிலும் இன்னொருவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க நேரிடும்.

அந்தக் கையெழுத்து எளிய சடங்கன்று. வேலையை மேற்பார்வையிட்டு முடித்ததற்கு ஜி பாரமும், சோதனை செய்ததற்கு எச் பாரமும் நிரப்பப்பட வேண்டும். தகுதிச் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்விலும் பின்னர் தொழிலிலும் அதிகம் தடுமாற வைப்பது இன்சுலேஷன் சோதனைதான், அதாவது கம்பியின் காப்புறை வழியே மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பதுதான். மெயின் சுவிட்சை நிறுத்தி, பல்புகளைக் கழற்றி, மின்விசிறி, ஃபிரிட்ஜ் போன்ற சாதனங்களின் இணைப்பைத் துண்டித்து, விளக்குச் சுவிட்சுகளைப் போட்ட நிலையில் வைத்து, 500 வோல்ட் டி.சி. (நேர்திசை) மின்னழுத்தத்தில் கம்பிகளுக்கு இடையிலும், கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளவெடுக்க வேண்டும். அளவு 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. ஏதேனும் ஒரு சாதனத்தைக் கழற்ற மறந்தாலும் அளவு சரிந்து, நல்ல வயரிங்கைப் பழுதென்று நினைத்துச் சுவரை உடைக்கும் நிலை ஏற்படலாம். அதன்பிறகு மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் உரிய கசிவு மின்னோட்டத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்; கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கான சாக்கெட்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர், குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் என்பது விதி. பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளில் புதிதாக ஹீட்டர் பொருத்த அழைக்கப்படுபவர் இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

தாம் பார்க்காத வேலைக்கு, தெரிந்தவர் கேட்டார் என்பதற்காகப் பாரத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அங்கே விபத்து நேர்ந்தால், விசாரணையில் முதலில் தேடப்படுபவர் கையெழுத்திட்டவரே. சில நூறு வெள்ளிக்காக (ரிங்கிட்டுக்காக) உரிமத்தையே பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் ஒரு நிறுவனத்தில் ஊழியராக வேலை செய்யலாம். ஆனால் தம் பெயரிலேயே வயரிங் குத்தகை எடுப்பதற்கு அது போதாது. அதற்கு முதலில் வணிகப் பதிவு செய்துகொண்டு, பின்னர் எரிசக்தி ஆணையத்திடம் மின்குத்தகையாளராகவும் பதிந்துகொள்ள வேண்டும். கட்டுமானத் தளங்களில் வேலை செய்பவருக்கு சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) அட்டையும் தேவை.

செம்பனை ஆலையில் வேலை பார்க்க விரும்புவோருக்கு உரிய பாதை சற்று வேறு. ஆலைகள் செம்பனைப் பழத்தின் நார்களையும் கொட்டை ஓடுகளையும் எரித்து நீராவி உண்டாக்கி, அதன் மூலம் தாங்களே மின்சாரம் தயாரித்துக்கொள்கின்றன. இத்தகைய அமைப்புகளை இயக்கிப் பராமரிக்கும் பொறுப்பு சார்ஜ்மேனுக்கு உரியது. வயர்மேன் சான்றிதழ் அதற்குச் செல்லாது. சார்ஜ்மேன் தகுதியில் ஏ வரிசை 1,000 வோல்ட் வரையிலான குறைந்த மின்னழுத்தத்துக்கும், பி வரிசை அதற்கு மேற்பட்ட உயர் மின்னழுத்தத்துக்கும் உரியவை. இவற்றுக்கு விண்ணப்பிக்கையில் வேலை அனுபவம் கணக்கில் எடுக்கப்படுவதால், ஆலையின் மின்பிரிவில் ஏற்கெனவே உதவியாளராக இருப்பவர்கள், எந்தெந்தக் கருவிகளில், எந்த மின்னழுத்தத்தில் வேலை செய்தார்கள் என்ற விவரத்தோடு கூடிய அனுபவக் கடிதத்தை, வேலையிலிருந்து விலகுவதற்கு முன்பே நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.